ஆறு

நன்னிலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்
கரும்பலகை என் பொறுப்பு.
பத்தரை மணிக்கு ஈரத்துணியால் துடைக்கிறேன்.
நேற்றைய ஏழு முழுதாகப் போவதில்லை.
அதன் மேலேயே
இன்றைய ஆறை எழுதுகிறேன்.

பங்குனி வெயில்.
தகரக் கொட்டகையில் முப்பத்தாறு மூட்டை உளுந்து.
எல்லாம் பனி குடித்து வளர்ந்தது.
சம்பா அறுக்கப் பத்து நாள் இருக்கையில்
மெழுகுபோல் இறுகி வரும் சேற்றில்
கதிர்களுக்கு நடுவே வீசி விட்ட விதை.
அதற்குப்பின் அது
மேட்டூரைக் கேட்கவில்லை,
மோட்டாரைக் கேட்கவில்லை,
தை மாதப் பின்னிரவுகள் போதுமென்று
தரையோடு ஒட்டிக் கிடந்தது.
வரும்போது
வேர் முடிச்சுகளில் அடுத்த நெல்லுக்குக் கொஞ்சம்
சோறு எடுத்து வைத்துவிட்டு வந்தது.

அதையெல்லாம் எழுதப் பலகையில் கட்டமில்லை.
அதிகம், குறைவு, சராசரி.
அவ்வளவுதான் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

வியாபாரி ஜபருல்லா
போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.
"பர்மா சரக்கு சென்னையில இறங்கிடுச்சு சார்.
தீர்வை கிடையாதாம், இன்னும் ஒரு வருஷத்துக்கு."
டெல்லியில் ஒரு தாளில்
ஒரு தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.
இட்லி விலை ஏறக்கூடாது,
நியாயம்தான்.
காலையில் நாலு இட்லி தின்றுவிட்டுத்தான்
நானும் சாக்பீஸைத் தொட்டேன்.

தையல்நாயகி பலகையின் கீழே வந்து நின்றாள்.
பூந்தோட்டம் பக்கம் இரண்டு ஏக்கர், குத்தகை.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்:
"அது ஏழா, ஆறா?"
"ஆறு."
"ஆறா?"
"ஆறுதாம்மா."
இரண்டு முறை சொன்னதும்
அந்தச் சொல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.
எங்கள் பக்கம் அந்தப் பெயரில் இன்னொன்று உண்டு.
பங்குனியில் அதில் மணலும்
ஆடு மேய்க்கிறவன் நிழலும்தான்.

ஜபருல்லா ஒரு பொட்டலம் பிரித்தார்.
துறைமுகத்துச் சாம்பிள்.
கொஞ்சம் பருமன், கொஞ்சம் மங்கல்,
மற்றபடி உளுந்து உளுந்துதான்.
நடுவில் ஒரு மண்கட்டி.
விரலில் நசுக்கினேன்,
கருப்பாக ஒட்டியது.
ஐராவதிக் கரையிலும்
நெல் அறுத்த ஈரத்தில்தான் விதைப்பார்களாம்.
அங்கேயும் எவனோ பலகை துடைத்திருப்பான்.
அந்த எண் என்னவோ,
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"அடுத்த வருஷம் இந்தப் பொழப்பே வேணாம்" என்றாள் தையல்நாயகி.
"போர் போட்டுக் கோடையிலும் நெல்லு வச்சிடுவேன்.
நெல்லுன்னா அரசாங்கம் எடுத்துக்கும்."
"தண்ணி?"
"கடாட்சம் வீட்டுப் போர் நூத்தியெண்பது அடி.
பீச்சி அடிக்குது.
டீ போட்டாத்தான் பால் திரியுது."

அவள் நெல் அரிசியாகும்.
ஒரு வருடம் கப்பலேறும்,
ஒரு வருடம் தடை என்று குடோனில் கிடக்கும்.
எப்படியானாலும்
கிலோவுக்கு எத்தனை குடம் பூமிக்குள்ளிருந்து போனது என்று
எந்த பில்லிலும் வராது.
மேலே பனி வீணாய்ப் பெய்துகொண்டிருக்க
கீழே துளை போடச் சொல்கிறது
நான் எழுதிய ஒற்றை எண்.
சரியாகச் சொன்னால், நான் எழுதவில்லை,
நகலெடுக்கிறேன்.

நாலு மூட்டையும் கொடுத்துவிட்டாள்.
ஒரு படி மட்டும் முந்தானையில் அள்ளி முடிந்தாள்.
"விதைக்கா?"
"வீட்டுக்கு."

மூன்று மணிக்கு
கேட்டுக்கு வெளியே திருச்செங்கோட்டு லாரி ஒன்று,
முதுகில் துளைப்பு எந்திரத்தைப் படுக்கப் போட்டுக்கொண்டு.
டிரைவர் தலையை நீட்டினான்.
"அண்ணே, பூந்தோட்டம் எப்படிப் போறது?"

கையில் இன்னும் சுண்ணாம்பு.
நீட்டிக் காட்டினேன்:
"நேராப் போ.
ஆறு வரும்."